கடலோர இன்ஜினின் அலுமினியம்: பெயிண்ட் உரிந்தது ஏன், மறுபடி கழுவியது எப்படி

நெல்லை மாவட்டத்துக் கடற்கரையில் உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி என்று எந்த ஊருக்குப் போனாலும், மணலில் ஏற்றி வைத்த பைபர் வள்ளங்களின் பின்பக்கத்தில் அவுட்போர்டு இன்ஜின் தொங்கும். மேலே மூடி; அதற்குக் கீழே கடலுக்குள் இறங்கும் பகுதி முழுவதும் அலுமினிய வார்ப்பு. இந்தக் கட்டுரையில் ‘கால்’ என்று வருவது அந்தப் பகுதிதான். உப்புத் தண்ணீர், வெயில், மணல் உரசல் மூன்றையும் ஒரே நாளில் வாங்கும் அலுமினியம் இது. இதில் நிற்கிற பெயிண்ட் வீட்டு ஜன்னலிலும் நிற்கும், பைக் சக்கரத்திலும் நிற்கும்.

பாளையங்கோட்டைப் பக்கத்துப் பட்டறை ஒன்றுக்கு 9.9 குதிரைத்திறன் இன்ஜினின் கால், அதன் கீழே உள்ள கியர் பெட்டி, வள்ளத்தைப் பற்றிப் பிடிக்கும் பிராக்கெட் ஆகிய மூன்றும் மறுபெயிண்டுக்கு வந்தன. வேறோர் இடத்தில் கழுவி, பிரைமர் என்ற அடிப்பூச்சு போட்டு, பெயிண்ட் அடித்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கொண்டுவந்தவரின் கேள்வி நியாயமானது: “அண்ணாச்சி, விலை கூடின பெயிண்டுதான் வாங்கிக் கொடுத்தேன். இப்படித் தோலு உரிஞ்ச மாதிரி உரியுதே, பெயிண்டு போலியா?”

பெயிண்ட் போலி அல்ல. உரிந்த ஒரு துண்டை எடுத்து மடக்கினால் ஒடியாமல் வளைந்தது. நன்றாகக் காய்ந்த, நல்ல படலம். கோளாறு அதற்கு அடியில். அதைக் கண்டுபிடிக்காமல் மறுபடி அடித்திருந்தால் மறுபடியும் மூன்று மாதம்தான்.

உரிந்த துண்டின் முதுகு

அலுமினியத்தில் பெயிண்ட் உரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது உரிந்த துண்டின் அடிப்பக்கம். அது சுத்தமாக, பிரைமர் நிறத்திலேயே இருந்தால் பிரைமர் உலோகத்தைப் பிடிக்கவேயில்லை. வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் அடியில் உப்பு அரிப்பு. இந்தக் காலின் பக்கவாட்டுச் சமதளத்திலிருந்து உரிந்த துண்டின் முதுகு கரும்சாம்பல் நிறமாக இருந்தது. கட்டைவிரலால் தேய்த்தால் விரலில் மை மாதிரி ஒட்டியது. அதற்கு நேர் கீழே உலோகத்திலும் அதே மை. பிரைமர் பிடித்திருந்தது அந்த மையை. அந்த மை எதையும் பிடித்திருக்கவில்லை.

அந்த மை, அதாவது கரி, எங்கிருந்து வந்தது என்பதற்கு, முன்பு எப்படிக் கழுவினார்கள் என்று கேட்டதிலேயே விடை கிடைத்தது. காஸ்டிக் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். “பொங்கிப் பொங்கி வந்துச்சு, அழுக்கெல்லாம் போயிருச்சு” என்றார். பொங்கியது அழுக்கு அல்ல, அலுமினியம்.

அலுமினியத்தின் மேல் எப்போதும் 2 முதல் 4 நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு தோல் ஒன்று இருக்கும். சுரண்டினால் கண் இமைப்பதற்குள் மறுபடி வளரும். அமில காரத்தன்மை (pH) 4-க்கும் 8.5-க்கும் இடையே இருக்கும்வரை அந்தத் தோல் தாங்கும். அதைத் தாண்டி எந்தப் பக்கம் போனாலும் கரையும். காஸ்டிக் சோடா 13, 14 என்று நிற்பது. தோலைக் கரைத்துவிட்டு உலோகத்தையே தின்னத் தொடங்கும், ஹைட்ரஜன் வெளிவரும். கணக்குப் போட்டால், வெறும் 27 கிராம் அலுமினியம் கரைந்தால் சுமார் 36 லிட்டர் ஹைட்ரஜன். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். மூடிய கொட்டகையில், பக்கத்தில் வெல்டிங் நடந்துகொண்டிருக்க, இந்த வேலையைச் செய்கிற பட்டறைகள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். வினையில் கிளம்பும் சூட்டில் கரைசல் தானாகக் கொதித்துக் கண்ணில் தெறிக்கும். காரம் கண்ணில் பட்டால் அமிலத்தைவிட ஆழமாக இறங்கும்.

தகட்டு அலுமினியத்தை முறையாகக் காரத்தில் இட்டு எடுக்கும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே அடுத்த தொட்டியில் நைட்ரிக் அமிலம் இருக்கும், அந்தக் கரியைக் கழற்ற. வார்ப்பு அலுமினியம் அதற்கும் மசியாது. இந்த வகை வார்ப்புகளில் சிலிக்கான் 10 சதவீதம் அளவில் கலந்திருக்கும். காரம் அலுமினியத்தைக் கரைத்துக்கொண்டு போக, கரையாத சிலிக்கானும் செம்பும் இரும்பும் மேலே கரியாக நின்றுவிடும். அதை வேதியியலால் எடுக்க ஹைட்ரோபுளூரிக் அமிலம் சேர்ந்த கலவை வேண்டும். அது பட்டறைக்குள் வரவே கூடாத பொருள். ஆகவே வார்ப்புக்குக் காஸ்டிக் வேண்டாம். துணி துவைக்கும் சோடா உப்பும் அதே காரக் குடும்பம்தான், வேகம் குறைவு, அவ்வளவே.

கரி தெரிந்ததும், பளபளப்பு வரட்டும் என்று கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஊற்றியிருக்கிறார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குளோரைடு அலுமினியத்தின் பரம எதிரி. ஆக்சைடு தோலில் ஊசிமுனை அளவு ஓட்டை போட்டு உள்ளே இறங்கும். கடல் உப்பு ஆறு மாதத்தில் செய்வதை இது ஆறு நிமிடத்தில் செய்துவிடும். கியர் பெட்டியின் கீழ்ப்பக்கத்தில் கடுகளவு குழிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளையாகப் பூத்திருந்தது.

இன்னும் நான்கு தடயங்கள்

பிராக்கெட்டில் வேறு கதை. உரிந்த இடங்களில் நீளவாக்கில் கீறல்கள், கீறலுக்குள் செம்பழுப்புப் புள்ளிகள். அலுமினியம் துருப்பிடிக்காது, அந்தத் துரு இரும்புக் கம்பிப் பிரஷ் உடைந்து பதிந்த துணுக்குகளுடையது. ஒவ்வொரு துணுக்கும் உப்பு ஈரத்தில் ஒரு குட்டி பேட்டரி: இரும்பு பிழைத்துக்கொள்ளும், சுற்றியுள்ள அலுமினியம் கரையும். இரும்பில் ஓட்டிய கிரைண்டர் சக்கரத்தை அலுமினியத்தில் ஓட்டினாலும் இதே கதிதான். ஸ்டீல் உல்லும் அப்படியே.

இரண்டாவது, ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளைச் சுற்றி நாலணா அகலத்துக்குக் கொப்புளம். போல்ட்டைக் கழற்றாமலேயே மேலே அடித்திருந்தார்கள். போல்ட் தலைக்கும் அலுமினியத்துக்கும் இடையில் கடல் தண்ணீர் தங்கினால் கரைவது அலுமினியம்தான்.

மூன்றாவது, கால் முழுவதையும் அழகாக அடித்ததில் ஆனோடின் மேலும் பெயிண்ட். அது தன்னைக் கரைத்துக்கொண்டு மற்றதைக் காப்பாற்றும் உலோகக் கட்டி. அதை மூடிவிட்டால் அதன் வேலையைக் கியர் பெட்டி செய்ய ஆரம்பிக்கும்.

நான்காவது, பிராக்கெட்டின் மேற்பக்கத்தில் பட்டாணி அளவுக்கு வட்ட வட்டமாகப் பெயிண்ட் விலகிய பள்ளங்கள். அது சிலிக்கோன். வண்டிக்குப் பூசும் பாலிஷ், துருப்பிடித்த நட்டை இளக்க அடிக்கும் சில ஸ்ப்ரேக்கள், டேஷ்போர்டு மினுக்கி ஆகியவற்றில் இருக்கும். அதைத் துடைத்த துணியால் இதைத் தொட்டாலே போதும்.

எல்லாவற்றுக்கும் மேல் ரெட் ஆக்சைடு பிரைமர். இரும்புக்கு நல்ல பிரைமர் அது, அலுமினியத்துக்கு அல்ல. அதன் எண்ணெய்ப் பசை அலுமினியத்தில் சரியாகப் பிடிக்காது. அரிப்பு நடக்கிற இடத்தில் உண்டாகும் காரம் அந்த எண்ணெயைச் சோப்பாக்கிவிடும்.

உப்பு முதலில், எண்ணெய் அடுத்து, உப்புத்தாள் பிறகு

சுத்தம் செய்வதில் வரிசைதான் பாதி வேலை. எண்ணெய் இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால், தாள் எண்ணெயைக் கீறலுக்குள் தேய்த்து அடைத்துவிடும். பிறகு எந்தத் தின்னரும் முழுதாக எடுக்காது. உப்பு இருக்கும்போதே தின்னர் போட்டால் உப்பு அப்படியே இருக்கும், ஏனென்றால் தின்னரில் உப்பு கரையாது. ஆக, தண்ணீரில் கரைவது முதலில், எண்ணெயில் கரைவது அடுத்து, சுரண்ட வேண்டியது மூன்றாவது.

தொடங்குமுன் கியர் ஆயிலை வடித்தார்கள். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சீல்களை மாற்றாமல் பெயிண்ட் வேலையைத் தொடங்குவது வீண். இதில் ஆயில் தெளிவாக இருந்தது. போல்ட்டுகள், ஆனோடு, புரொப்பல்லர் எல்லாவற்றையும் கழற்றி, கூலிங் தண்ணீர் போகும் வாய்களை ரப்பர் கார்க்கால் அடைத்து, ஷாஃப்ட் சீல் இருக்கும் இடத்தை டேப் போட்டு மூடியபின்தான் தண்ணீர் ஊற்றினார்கள்.

எந்தத் தண்ணீர் என்பது இந்தப் பக்கத்தில் சாதாரணக் கேள்வி அல்ல. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் பல இடங்களில் போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. அதில் அலசினால் உப்பை எடுத்து உப்பைப் பூசுவதாகும். தாமிரவருணிக் குடிநீர்க் குழாய்த் தண்ணீர் இருந்தால் அதுவே முதல் அலசலுக்குப் போதும். கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், 5 லிட்டர் கேன் ஒன்று.

முதல் சுற்று: குழாய்த் தண்ணீரில் பத்து நிமிடம் நைலான் பிரஷால் தேய்த்து அலசல். இரண்டாவது சுற்று: 40, 50 டிகிரிச் சூட்டுத் தண்ணீரில் லிட்டருக்கு 10 மில்லி டீபால் மாதிரியான, காரமில்லாத திரவ சோப்பு. மூலை முடுக்குகளுக்குப் பழைய பல் பிரஷ். பிறகு நுரை வாசனைகூட இல்லாமல் அலசல். இதை அவசரப்படுத்தக் கூடாது, காரணம் பின்னால் வரும்.

பழைய பெயிண்டைக் கழற்ற ரிமூவர் பயன்படுத்தவில்லை. ரிமூவர்களில் ஒரு வகை காரம். அது எதற்கு ஆகாது என்று சொல்லியாயிற்று. இன்னொரு வகை மெத்திலீன் குளோரைடு. அது சுமார் 40 டிகிரியில் கொதிக்கிற திரவம். நெல்லையின் சித்திரை வெயிலில் டின்னைத் திறந்தாலே ஆவி மூஞ்சியில் அடிக்கும், மூடிய அறையில் மயக்கிச் சாய்க்கும். ஏற்கெனவே பிடிப்பில்லாத பெயிண்ட் என்பதால் பிளாஸ்டிக் சுரண்டியிலேயே பெரும்பகுதி வந்தது. மிச்சத்துக்கு 80-ஆம் நம்பர் தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தார்கள்.

தண்ணீர் தொட்டு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அலுமினியத் தூள் காற்றில் பரவினால் பொறி பட்டு வெடிக்கும். இரும்புத் துரு கலந்த தூளோடு சேர்ந்து பற்றினால் தண்டவாளம் ஒட்டவைக்கும் தெர்மிட் தீ மாதிரிதான். இரும்பு கிரைண்டிங் நடக்கும் மேசையில் அலுமினியம் தேய்க்கக் கூடாது. தூள் பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலர்ந்த மணல்தான். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும், கடற்கரை ஈர மணல் அல்ல.

மணலைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுரண்டும் பிளாஸ்டிங் வசதி இருக்கிறவர்கள், அதையே செய்யலாமா என்று கேட்பார்கள். இந்தக் கரையோர மணலில் செந்நிறக் கோடாகத் தெரியும் கார்னெட் என்ற தாது அலுமினியத்துக்கு நல்ல பிளாஸ்டிங் பொருள்தான். அதற்காகக் கரையில் அள்ளிக்கொண்டு வந்து அடிப்பது ஆகாது: அதில் உப்பு இருக்கிறது, சிலிக்கா இருக்கிறது, 2013-இல் தமிழக அரசு தாதுமணல் எடுப்பதையே தடை செய்தது. சிலிக்கா மணலை உலர்வாக அடிப்பவரின் நுரையீரலுக்கு மருந்து கிடையாது. கழுவிப் பையில் வரும் கார்னெட், குறைந்த அழுத்தம், முழு முகமூடி. ஸ்டீல் கிரிட் என்ற இரும்புத் துணுக்கு எந்நாளும் வேண்டாம்.

குழிக்குள் இருக்கும் உப்பு

அதிக நேரம் எடுத்தது இந்தக் கட்டம்தான். வெள்ளையாகப் பூத்த குழிகளை, இரும்பைத் தொடாத புது ஸ்டெயின்லெஸ் சிறு பிரஷால் கிளறி, 60 டிகிரித் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மறுபடி ஊறவைத்தார்கள். கொதிக்கவைக்கக் கூடாது. 80 டிகிரிக்கு மேல் போனால் தண்ணீரே அலுமினியத்தின் மேல் நீரேறிய ஆக்சைடு படலத்தைக் கட்டி, குழியின் வாயை உப்போடு சேர்த்து மூடிவிடும்.

உப்பு போயிற்றா என்று கண்ணால் சொல்ல முடியாது. சில்வர் நைட்ரேட் சொல்லும். லேப் கெமிக்கல் கடையில் கிடைக்கும்; 100 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் 1 கிராம், கறுப்புப் பாட்டிலில். டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பஞ்சைக் குழிமேல் இரண்டு நிமிடம் ஒட்டவைத்து, அதைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிழிந்து, இரண்டு சொட்டு விட வேண்டும். மோர் விட்ட மாதிரி வெளுத்தால் குளோரைடு இருக்கிறது. குழாய்த் தண்ணீரிலும் குளோரைடு உண்டு; ஆகவே டிஸ்டில்டு வாட்டரால் அலசியபிறகுதான் இந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு. கையில் பட்டால் தோல் கறுத்து வாரக்கணக்கில் போகாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் ஊறலுக்குப் பிறகு குப்பி நன்றாகவே வெளுத்தது. இரண்டாவதுக்குப் பிறகு மங்கலாக. மூன்றாவதுக்குப் பிறகு கியர் பெட்டி தெளிந்தது, ஆனால் பிராக்கெட்டின் போல்ட் துளைகளில் மட்டும் இன்னும் லேசாக வெளுத்தது. துளையின் மரைக்குள் ஒளிந்திருந்த வெள்ளைப் பூப்பை மரையோட்டியால் எடுத்து நான்காவது முறை ஊறவைத்தபின் தெளிந்தது. ஒரு முழு நாள் இதிலேயே போயிற்று. போகட்டும். பெயிண்டுக்கு அடியில் மாட்டிய உப்பு தானாகச் சாகாது. படலத்தின் வழியாகவே ஈரத்தை இழுத்துக் கொப்புளமாகும், அல்லது புழு ஊர்ந்த மாதிரி நூல் நூலாக அரித்துக்கொண்டு ஓடும்.

சில்வர் நைட்ரேட் சோதனையை, பின்னால் வரும் பாஸ்பாரிக் அமிலக் கழுவலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பாஸ்பேட் எச்சம் இருந்தால் மஞ்சள் படிவு விழுந்து கணக்கைக் குழப்பும்.

எண்ணெய், பிறகு தாள், பிறகு அமிலம்

எண்ணெய் எடுக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அல்லது அசிட்டோன். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் தம் எண்ணெயை விட்டுவிட்டுப் போகும். மலிவு என்.சி. தின்னரில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டிரைகுளோரோஎத்திலீன் மாதிரி குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் அலுமினியத் தூளோடு கடுமையாக வினைபுரியும். அவற்றின் ஆவி வெல்டிங் சூட்டில் பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாகும். சில பிரேக் கிளீனர்களிலும் அது இருக்கிறது, டின்னைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

துடைக்கும் முறை: ஒரு வெள்ளைப் பருத்தித் துணி நனைந்தது, இன்னொன்று உலர்ந்தது. நனைந்ததால் ஒரே திசையில் துடைத்து, அது ஆவியாவதற்குள் உலர்ந்ததால் எடுத்துவிட வேண்டும். ஆவியாக விட்டால் எண்ணெய் அங்கேயே மறுபடி படியும். அது துடைப்பது அல்ல, பரப்புவது. கலர் பனியன் வேஸ்டில் சாயமும் மென்மையாக்கியும் இருக்கும், அது கைதுடைக்க மட்டும். அசிட்டோன் மைனஸ் 20 டிகிரியிலும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 12 டிகிரியிலும் தீப்பிடிக்கும் ஆவி விடும். நெல்லையின் மார்கழிக் குளிர்கூட அவற்றுக்குச் சூடுதான். திறந்த வெளி, நைட்ரைல் கையுறை, கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் முகமூடி. மூக்கில் கட்டும் கைக்குட்டை தூசியைக்கூட முழுதாகத் தடுக்காது, ஆவியை அறவே தடுக்காது. துடைத்த துணிகள் மூடியுள்ள தகர டின்னில், தண்ணீரில்.

அடுத்து 120, பிறகு 180 நம்பர் தாள். தாள் எட்டாத வளைவுகளுக்குச் சிவப்பு ஸ்காட்ச் பிரைட். பளபளப்பு எங்கும் மிஞ்சக் கூடாது. கண்ணாடி மாதிரி மின்னும் அலுமினியம் பிரைமருக்கு வழுக்குப் பாறை. மறுபடி இரு துணித் துடைப்பு. இந்த நிமிடத்திலிருந்து வெறுங்கை படக் கூடாது. வேர்வையே உப்புத் தண்ணீர்தானே.

பாஸ்பாரிக் அமிலம் 10 சதவீதம். 5 லிட்டர் தயாரிக்க: பிளாஸ்டிக் வாளியில் 4.65 லிட்டர் தண்ணீர் முதலில், அதில் 85 சதவீத அமிலம் 370 மில்லி மெதுவாக. தண்ணீரில் அமிலம், மாற்றிச் செய்தால் தெறிக்கும். நாகம் பூசிய இரும்பு வாளி ஆகாது, அமிலம் அதைத் தின்று ஹைட்ரஜன் விடும். ப்ளீச்சிங் பவுடர் கரைத்த வாளியும் ஆகாது, குளோரின் வாயு கிளம்பும். கண்ணாடி, கையுறை, ரப்பர் ஏப்ரன். நிழலில் வைத்து, ஸ்காட்ச் பிரைட்டால் தடவி 3 நிமிடம், காயவிடாமல் நனைத்துக்கொண்டே. வெயிலில் காய்ந்துவிட்டால் பாஸ்பேட் கறையாக ஒட்டி அதுவே பெயிண்டைத் தள்ளும். மிச்சமிருந்த கரி இங்கே ஈரத்தோடு தேய்க்கையில் வந்தது. வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்து, துணி சாம்பல் ஆகாத நிலை வரும்வரை விடவில்லை. ஐந்து முறை ஆயிற்று.

கடைகளில் ‘அலுமினியம் பிரைட்னர்’, சக்கரம் மினுக்கும் ஆசிட் என்று விற்பவை சிலவற்றில் ஹைட்ரோபுளூரிக் அமிலமோ அமோனியம் பைபுளூரைடோ இருக்கும். தோலில் பட்ட உடனே வலிக்காது. மணிக்கணக்கு கழித்து எலும்புவரை இறங்கி வலிக்கும், உடம்பின் கால்சியத்தையே பிடித்து இதயத்தை நிறுத்தும். தெரியாமல் பட்டுவிட்டால் உடனே தண்ணீரை ஓடவிட்டுக் கழுவிக்கொண்டே, கால்சியம் குளூக்கோனேட் ஜெல் கையில் இருந்தால் தேய்த்துக்கொண்டே, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கோ பாட்டிலோடு ஓட வேண்டும். வலி இல்லையே என்று காத்திருக்கக் கூடாது.

தண்ணீர் உடைகிறதா

டிஸ்டில்டு வாட்டரால் அலசிச் சாய்த்துப் பிடித்தால், சுத்தமான உலோகத்தில் தண்ணீர் ஒரே போர்வையாக 30 விநாடி நிற்க வேண்டும். எங்கே உடைந்து முத்தாகத் திரள்கிறதோ அங்கே எண்ணெய். சோப்பைச் சரியாக அலசாவிட்டால் எண்ணெயின் மேலும் தண்ணீர் பரவிப் பொய் சொல்லும். சோப்பு அலசலை அவசரப்படுத்தக் கூடாது என்றது இதற்காகத்தான்.

காலும் பிராக்கெட்டும் தேறின. கியர் பெட்டியில் புரொப்பல்லர் பக்கத்து விளிம்பில் உள்ளங்கை அளவு இடம் உடைந்துகொண்டே இருந்தது. இரண்டு முறை துடைத்தும் அதே. வார்ப்பின் நுண்துளைகளுக்குள் கியர் ஆயில் ஊறியிருந்தது. சீல்களைக் கழற்றிவிட்டு, உச்சி வெயிலில் தகரத்தின் மேல் கை வைக்க முடியாத சூடு ஏறும்வரை போட்டார்கள். அரை மணியில் அந்த இடம் மினுமினுவென்று வேர்த்தது. நிழலுக்குக் கொண்டுவந்து துடைத்து, மறுபடி வெயிலில் வைத்து, இப்படி மூன்று முறை. பிறகு 180 தாள், துடைப்பு, அமிலம், அலசல். நான்காவது சோதனையில் தண்ணீர் போர்வையாக நின்றது.

கம்ப்ரெசர் காற்றால் உலர்த்துமுன் அந்தக் காற்றை ஒரு வெள்ளைத் தாளில் ஒரு நிமிடம் அடித்துப் பார்த்தார்கள். தாளில் பொட்டு விழுந்தால் காற்றில் ஆயிலோ தண்ணீரோ வருகிறது. இத்தனை வேலையும் அந்த ஒரு ஊதலில் போய்விடும்.

பிரைமர், நான்கு மணி நேரத்துக்குள்

சுத்தமான அலுமினியம் காத்திருக்காது. உலர்ந்த நான்கு மணிக்குள் பிரைமர் ஏற வேண்டும். கடற்கரையிலேயே வேலை என்றால் ஒரு மணிக்குள். உலோகத்தின் சூடு பனிநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூட்டைவிட, குறைந்தது 3 டிகிரி கூட இருக்க வேண்டும். பாளையங்கோட்டையில் 34 டிகிரி, ஈரப்பதம் 50 என்றால் பனிநிலை 22, கவலையில்லை. கடற்கரையில் விடிகாலை 30 டிகிரி, ஈரப்பதம் 85 என்றால் பனிநிலை 27; இரவெல்லாம் குளிர்ந்த இரும்பு மேசையில் கிடந்த பாகத்தில் கண்ணுக்குத் தெரியாமல் வேர்த்திருக்கும். ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலை சுழலும் வேகத்தில் தூசி பறக்கும்; திறந்த வெளியில் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது.

அமிலம் கலந்து உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமர் ஜன்னலுக்கும் வண்டி பாகங்களுக்கும் நல்லது, 8 முதல் 12 மைக்ரான் மெல்லிய படலமாக. எப்போதும் தண்ணீரில் இறங்கும் பாகத்துக்கு, நன்றாகச் சுரண்டிய உலோகத்தின் மேல் நேரடியாக இரு பாக எபாக்ஸி, ஜிங்க் பாஸ்பேட் உள்ளது. எட்ச் பிரைமருக்கு மேல் எபாக்ஸி போடக் கூடாது என்று பல டின்களிலேயே எழுதியிருக்கும். அடியில் மிஞ்சும் அமிலம் எபாக்ஸியின் ஹார்ட்னரைக் கெடுக்கும். மஞ்சள் குரோமேட் பிரைமர்கள் அலுமினியத்தில் நன்றாக உழைக்கும், ஆனால் அதன் தூசி புற்றுநோய் தரும். பட்டறையில் அதை உப்புத்தாள் போடுகிறவர் யார் என்று நினைத்துப் பார்த்து வாங்குங்கள்.

மூன்று பாகங்களும் சேர்ந்து சுமார் அரை சதுர மீட்டர். 50 சதவீதத் திடப்பொருள் உள்ள எபாக்ஸி, 75 மைக்ரான் உலர் கனத்துக்கு, லிட்டருக்கு 6.7 சதுர மீட்டர் ஓடும். அதாவது ஒரு கோட்டுக்கு 75 மில்லி. ஸ்ப்ரேயில் பாதி காற்றோடு போகும், ஆக 150. இரண்டு கோட்டுக்கு 300 மில்லி கலந்தார்கள். டின்னில் 25 டிகிரிக்கு 6 மணி என்று போட்டிருக்கும் கலவை ஆயுள் 35 டிகிரியில் ஏறத்தாழ பாதிதான். குழிகள் இருந்த இடத்தில் முதல் கோட்டைப் பிரஷால் பூசி, ஈரமாக இருக்கும்போதே 180 தாளால் உள்ளே தேய்த்துவிட்டார்கள். தாள் திறக்கிற புது உலோகத்தைக் காற்றுக்குப் பதில் எபாக்ஸியே முதலில் தொடும். கடலோர வேலைக்கு இதைவிட நல்ல உத்தி தெரியாது.

மேல்பூச்சு பாலியூரித்தேன். அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட். ஸ்ப்ரே அடித்தால் தனிக் காற்றுக் குழாய் முகமூடி வேண்டும், இல்லாவிட்டால் ஆயுளுக்கும் ஆஸ்துமா. அந்த வசதி இல்லாததால் பிரஷால் இரண்டு கோட். பிரஷ் கோடு லேசாகத் தெரிகிறது. மூச்சு பத்திரமாக இருக்கிறது. செம்பு கலந்த பாசித் தடுப்புப் பெயிண்ட் அலுமினியத்தில் கூடவே கூடாது.

போல்ட்டுகள் நைலான் வாஷரும் சீலன்ட்டும் போட்டு ஏறின. ஆனோடு உட்காரும் இடம் பெயிண்ட் இல்லாத வெறும் உலோகமாக விடப்பட்டது. ஆனோடு புதியது, மேலே ஒரு துளி பெயிண்டும் இல்லாமல்.

சோதனைத் தகடு

ஒரு உடைந்த வார்ப்புத் துண்டையும் முதலிலிருந்தே கூடவே கழுவி, அமிலம் போட்டு, பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். ஏழு நாள் கழித்து, மொத்தக் கனம் 120 மைக்ரானைத் தாண்டியதால் 3 மில்லி மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் ஆறாறு கோடு பிளேடால் உலோகம்வரை கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி இழுத்தார்கள். கட்டங்கள் முழுதாக நின்றன. லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, மறு இடத்தில் அதே சோதனை. ஒரு கட்டத்தின் ஓரம் மட்டும் செதில் அளவுக்குப் பெயர்ந்தது, மற்றவை அசையவில்லை. வாடிக்கையாளரின் பாகத்தைக் கீறாமல் உண்மையைத் தெரிந்துகொள்ள இதுதான் வழி.

மிச்ச அமிலத்தில் சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, நுரை அடங்கி, லிட்மஸ் நடுநிலை காட்டியபின்தான் வெளியேற்றினார்கள். வாய்க்காலிலோ குளத்திலோ அல்ல.

பாகங்களைத் திரும்பக் கொடுக்கும்போது 50 மில்லி பிரைமர் போகும் அளவு சின்ன டின்கள் இரண்டு, 180 தாள் ஒன்று, ஒரு சின்னப் பாட்டில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், இரண்டு வெள்ளைத் துணி சேர்த்துக் கொடுக்கப்பட்டன. வள்ளத்தைக் கரையேற்றும்போது காலின் அடியிலுள்ள துடுப்புப் பகுதி மணலில் உரசும். முதலில் பெயிண்ட் போவது அங்கேதான். வெள்ளையாகப் பூக்கும்வரை விடாமல், அன்று மாலையே நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, துடைத்து, தாள் போட்டு, மறுபடி துடைத்து, ஒரு விரல் அகலம் சுற்றிலும் ஏறும்படி பிரைமர் தொட்டுவைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.